பிரேக்கில் சத்தம், இழுப்பு, ஆட்டம்: பேட் மாற்றும் முன் எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எவ்வளவு நேரம் பிடிக்கும்

"பேட் போயிடுச்சு சார், மாத்திடலாம்." பிரேக்கில் என்ன கோளாறு என்று கொண்டுபோய் விட்டாலும் பல இடங்களில் முதலில் வருகிற பதில் இதுதான். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதிப் பாதியில் பேட் நன்றாக இருக்கும், கோளாறு வேறு இடத்தில் இருக்கும், புதுப் பேட் போட்டதால் ரெண்டு மாதம் அமுங்கிக் கிடந்துவிட்டுத் திரும்ப வரும். எனக்கு ஒரே வருடத்தில் இரண்டு தடவை இப்படி நடந்தது, அதைக் கீழே சொல்கிறேன். அதனால் பேட் விலை என்ன என்று கேட்பதற்கு முன் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்டுவிடுங்கள். இங்கே எழுதுவது பெரும்பாலும் முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் பேட் அழுத்திப் பிடித்து நிறுத்தும்), பின்னால் டிரம் (மூடிய இரும்பு உருளை, உள்ளிருந்து லைனர் உரசி நிறுத்தும்) உள்ள சாதாரண சின்ன கார்களுக்கு. ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10, டியாகோ மாதிரி. பைக் பற்றிக் கடைசிப் பக்கமாகக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் பேடைப் பார்க்கத் தெரிய வேண்டும். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் டிஸ்க்குக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு பேட். ஆக நான்கும் சேர்ந்ததுதான் ஒரு செட். புதுப் பேடில் தேய்கிற பகுதி மட்டும் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும், பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை சக்கர ஓட்டை வழியாக அடித்தால் வெளிப்பக்கப் பேட் தெரியும். உள்பக்கப் பேட் அவ்வளவு சுலபத்தில் தெரியாது, குனிந்து பின்பக்கமாகப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்துவிடாதீர்கள், சீக்கிரம் தேய்வது பெரும்பாலும் உள்பக்கம்தான்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று எல்லோரும் கேட்பார்கள். நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு 30,000 முதல் 40,000, நெடுஞ்சாலையில் அதிகம் ஓடினால் 50,000க்கு மேலும் வரும். மலைப்பாதை ஓட்டம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பாதியாகும். ஓட்டுகிறவரின் கால்தான் இதைத் தீர்மானிக்கிறது, அதனால் கிலோமீட்டரை நம்பாமல் 10,000க்கு ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

காலையில் வண்டி எடுத்ததும் முதல் ரெண்டு மூன்று பிரேக்கில் மட்டும் சத்தம்

ராத்திரி மழை பெய்திருக்கும், அல்லது வண்டியைக் கழுவி நிறுத்தியிருப்பீர்கள். டிஸ்க் வெறும் வார்ப்பிரும்பு, ஒரே இரவில் மேலே மெல்லிய துரு பிடித்துவிடும். நாலு தடவை பிரேக் போட்டதும் பேடே அதைத் துடைத்துவிடும். செலவு ஒன்றும் இல்லை. இதற்காக யாராவது பேட் மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கீச்சென்று விசில் மாதிரி சத்தம், நாள் முழுக்க

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பேட் தேய்ந்துவிட்டது. பல பேடுகளில் ஓரமாக ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும், தேய்மானம் கடைசிக் கட்டத்துக்கு வரும்போது அது டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே வைத்தது. சில வண்டியில் ஓடும்போதே கத்தும், பிரேக் மிதித்தால் நின்றுவிடும். சிலதில் மிதிக்கும்போது மட்டும் கத்தும். இந்தச் சத்தம் வந்தால் வண்டி உடனே நின்றுவிடாது, சில நூறு கிலோமீட்டர் தாங்கும், ஆனால் அந்த வாரத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, பேட் கனமாகத்தான் இருக்கும், ஆனால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கும், அல்லது தூசி அடைந்திருக்கும், அல்லது பேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய மெல்லிய தகடு காணாமல் போயிருக்கும். போன தடவை மாற்றியவர் அந்தத் தகட்டைப் போடாமலேயே மூடிவிடுவது அடிக்கடி நடக்கிற விஷயம். இதற்குக் கழற்றிச் சுத்தம் செய்து, பேடை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, தகடு கிளிப்பெல்லாம் ஒழுங்காகப் போட்டால் போதும். வெளி மெக்கானிக்கிடம் 300 முதல் 500 ரூபாய், முக்கால் மணி நேரம்.

எது என்று சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். டார்ச் அடித்துப் பாருங்கள், கனம் சொல்லிவிடும்.

கரகரவென்று இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம்

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பேட் முழுசாகக் கரைந்து, பின்னால் உள்ள இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது காலிலேயே அந்த அதிர்வு தெரியும். வண்டி நிற்கும் தூரம் கூடிவிடும், அது முதல் ஆபத்து. அடுத்து பணம்: போன வாரம் வந்திருந்தால் 1,500, 2,000 ரூபாயில் முடிந்திருக்கும் வேலை, இப்போது டிஸ்க்கும் சேர்ந்து 6,000, 7,000 ஆகும்.

டிஸ்க்கை இப்படிப் பாருங்கள். வண்டி ஆறின பிறகு விரல் நகத்தை டிஸ்க்கின் மேல் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்கள். மெல்லிய கோடுகள் இருப்பது சகஜம். நகம் மாட்டி நிற்கிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் அல்லது ஓரத்தில் விளிம்பு கட்டியிருந்தால் டிஸ்க்குக்கு வேலை இருக்கிறது. லேத்தில் போட்டு ஒரு சீவு சீவுவார்கள், ஜோடிக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை ஆகும். ஆனால் பெரும்பாலான டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் இவ்வளவு என்று மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். சீவின பிறகு அதற்குக் கீழே போகும் என்றால் சீவக் கூடாது, புதுசு போட வேண்டும். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. லேத்துக்காரரிடம் வெர்னியரில் (கனம் அளக்கும் கருவி) அளந்து காட்டச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலைதான்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு சக்கரத்தில் மட்டும் சூடு, கருகின வாசனை

எனக்கு நடந்தது இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் அக்கா குடும்பம் வால்பாறையில் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது போய்வருவோம். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது இன்ஜினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. ஒரு தடவை இறங்கி ஆழியாறு செக்போஸ்ட்டில் நிறுத்தியபோது இடது முன் சக்கரத்திலிருந்து ரப்பர் கருகின மாதிரி ஒரு வாசனை. மலை இறங்கினால் கொஞ்சம் வாசனை வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் கீச் சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன், செட்டாகப் பேட் மாற்றினார்கள், சத்தம் நின்றது. எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும், அதே இடது பக்கம், அதே சத்தம். திரும்ப அங்கேயே போனேன், "மலைக்குப் போறீங்கல்ல சார், அப்படித்தான் தேயும்" என்று சொல்லித் திரும்பவும் புது செட் மாட்டினார்கள். அந்த செட்டும் ஆறு மாதம் தாங்கவில்லை.

மூன்றாவது தடவை வேறு ஒரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், தனி ஆளாக ஒரு ஷெட் வைத்திருக்கிறார். கழற்றின நான்கு பேடையும் துடைத்து, தரையில் ஒரு தினத்தந்தியை விரித்து, வலது ரெண்டு, இடது ரெண்டு என்று வரிசையாக வைத்தார். வலது பக்கம் இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம், பாதிக்கு மேல் பாக்கி. இடது பக்கம் வெளிப்பேட் கிட்டத்தட்டப் புதுசு மாதிரி இருக்கிறது, உள்பேடில் இரும்புத் தகடு தெரிகிறது. அதைப் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது. "பேடு மேல தப்பு இல்லீங்க, காலிப்பர் நகரல" என்றார்.

விஷயம் இதுதான். காலிப்பர் என்பது இரண்டு பேடையும் டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வி. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அதன் பிஸ்டனைத் தள்ளும். இந்த மாதிரிக் கார்களில் காலிப்பருக்கு ஒரு பக்கம்தான் பிஸ்டன். அது உள்பேடைத் தள்ளும், அந்தத் தள்ளலில் காலிப்பர் முழுசாக இரண்டு பின் (இரும்புக் கம்பி) மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்து டிஸ்க்கைப் பிடிக்கும். அந்தப் பின்னில் கிரீஸ் காய்ந்தாலோ, ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போனாலோ பின் இறுகிவிடும். அப்புறம் காலிப்பர் நகராது, உள்பேட் மட்டும் எல்லா வேலையும் செய்யும், பிரேக்கை விட்ட பிறகும் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். அந்த சக்கரம் சூடாகும், மைலேஜ் குறையும், வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கும். அவர் என் வண்டியின் கீழ்ப் பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுத்தார், காப்பிப்பொடி நிறத்தில் துரு. பின்னையும் ரப்பர் உறையையும் மாற்றி, பிரேக்குக்கென்று வருகிற சிலிகான் கிரீஸ் போட்டு மாட்ட உதிரிபாகத்துக்கு 350, லேபர் 500. அதற்கு முன் இரண்டு செட் பேடுக்கு நான் கொடுத்தது ஐயாயிரத்துக்கு மேல். அதன்பிறகு போட்ட பேட் 30,000 கிலோமீட்டர் தாண்டி ஓடுகிறது, வால்பாறைக்கும் அதே கணக்கில் போய்வருகிறோம்.

உங்கள் வண்டியில் இது இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: பிரேக்கை அதிகம் தொடாமல் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, சமதளத்தில் தானாக வேகம் குறைந்து நிற்க விடுங்கள். இறங்கிப் புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் சிக்கல். சக்கரத்தின் மேல் படியும் கறுப்புத் தூசியும் அந்தப் பக்கம் கூடுதலாக இருக்கும். காலிப்பர் பின்கள் நன்றாக இருந்தும் சூடானால் பிஸ்டன் துருப்பிடித்து மாட்டியிருக்கலாம், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயில் திரும்பி வராமல் தடுக்கலாம். பிஸ்டனுக்கு சீல் கிட் (ரப்பர் வளையங்கள்) மாற்றினால் போதுமா, காலிப்பரே மாற்ற வேண்டுமா என்பது கழற்றினால்தான் தெரியும். சீல் கிட் சில நூறு ரூபாய், புது காலிப்பர் சில ஆயிரம், அதனால் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். வண்டி இழுக்கிறது என்றவுடன் டயர் காற்றையும் ஒரு தடவை சரிபாருங்கள், பல நேரம் அவ்வளவுதான் விஷயம்.

80க்கு மேல் போகும்போது பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறது

பிரேக் போட்டால் மட்டும் ஆட்டம் என்றால் முன் டிஸ்க். அதன் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லை. பிரேக் போடாமலே ஆடினால் சக்கர பேலன்சிங், அது வேறு கடை. மலை இறங்கிச் சூடாக இருக்கும் டிஸ்க்கில் உடனே தண்ணீர் அடிப்பது, சக்கர நட்டை ஒரு பக்கமாக இறுக்குவது இரண்டும் இதைக் கொண்டுவரும். வாட்டர் வாஷ் கொடுக்கும் முன் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். இதற்குப் பேட் மாற்றினால் மட்டும் சரியாகாது. டிஸ்க்கைச் சீவ வேண்டும் அல்லது மாற்ற வேண்டும், கூடவே பேட். டிஸ்க் ஜோடி சின்ன கார்களுக்கு 3,000 முதல் 5,000 ரூபாய், வேலை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, அல்லது கல் மாதிரி இருக்கிறது

இரண்டுக்கும் பேடுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. பஞ்சு மாதிரி இருந்து, ரெண்டு மூன்று தடவை மிதித்தால் மேலே வருகிறது என்றால் பிரேக் ஆயில் குழாயில் ஏர் புகுந்திருக்கிறது, அல்லது பின் டிரம்மில் லைனர் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது. சிக்னலில் மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது, ஆயிலும் வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் பம்ப்) உள் சீல் போயிருக்கிறது, அந்த வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள்.

கல் மாதிரி இருந்தால் பூஸ்டர், அதாவது இன்ஜினின் காற்றிழுவையால் (வேக்குவம்) பெடலை லேசாக்கும் பாகம். இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல பூஸ்டர் என்றால் பெடல் லேசாகக் கீழே இறங்கும். இறங்கவில்லை என்றால் பூஸ்டரோ அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸோ கெட்டிருக்கிறது. ஹோஸ் மட்டும் என்றால் சில நூறு ரூபாய்தான்.

டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு

ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறங்கியிருந்தால் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் டப்பாவில் மட்டம் குறையும். அதனால் ஒழுகல் இல்லாமல் ஆயில் மெதுவாகக் குறைந்திருந்தால் பேட் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இடத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, உடனே மேல் கோடு வரை ஆயில் ஊற்றிவிடுவது. அப்புறம் புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து பெயின்ட்டில் கொட்டும், பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். முதலில் பேடைப் பாருங்கள். ஆயில் ஒரே நாளில் சட்டென்று குறைந்திருந்தால் அது ஒழுகல், நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா பாருங்கள், வண்டியை நகர்த்தாதீர்கள்.

மலை இறங்கும்போது பாதியில் பிரேக் பிடிக்காமல் போகிறது, ஆறினதும் சரியாகிவிடுகிறது

இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்வேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று தரவகை உண்டு. டாட் 3 ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரியாவது கொதிக்காமல் தாங்கும், ஈரம் இழுத்த பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 4க்கு 230, அது 155க்கு இறங்கும். மலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பேட் புதுசாக இருந்தாலும் இது நடக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயிலை முழுசாக மாற்றுங்கள், வெளியில் 600 முதல் 1,000 ரூபாய், முக்கால் மணி நேரம். ஏறின கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில், இன்ஜினை அணைத்து இறங்கினால் டீசல் மிச்சம் என்று இன்னமும் சிலர் இறங்குகிறார்கள். இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் காற்றிழுவை ரெண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பெடலில் மாற்றம் தெரிந்தால் உடனே ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பைக்கில்

டிஸ்க் பைக்கில் சத்தம் என்றால் முதலில் செயினுக்கு அடித்த ஸ்பிரே டிஸ்க்கில் பட்டிருக்கிறதா பாருங்கள், பின் டிஸ்க் உள்ள வண்டிகளில் அடிக்கடி நடக்கும். எண்ணெய் ஊறின பேடைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். 100 முதல் 160 சிசி வண்டிகளுக்குப் பேட் 150 முதல் 500 ரூபாய், லேபர் 100 ரூபாய், இருபது நிமிடம். பேட் வெளியே இருக்கும்போது யாரும் லீவரைப் பிடிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சரி, பேட்தான் என்று உறுதியாகிவிட்டது. எவ்வளவு ஆகும்?

சின்ன கார்களுக்கு முன் பேட் செட் 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் வரும். கிரெட்டா மாதிரி வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000, இன்னோவா அளவுக்கு 3,000 முதல் 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜெர்மன் கார்களுக்கு ஒரு ஆக்ஸிலுக்கே (முன் ஜோடி அல்லது பின் ஜோடி சக்கரம்) பத்தாயிரத்தைத் தாண்டும். வெளி மெக்கானிக் லேபர் 300 முதல் 600, கம்பெனி சர்வீஸ் சென்டரில் 600 முதல் 1,200, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஊருக்கு ஊர் நூறு இருநூறு மாறும். பின் டிரம்முக்கு லைனர் செட் 800 முதல் 1,500, ஆனால் டிரம் கழற்றி ஸ்பிரிங்கெல்லாம் மாட்ட ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், அதனால் லேபர் கூடும். முன் பேட் ரெண்டு மூன்று தடவை மாறும் வரை பின் லைனர் தாங்கும், ஒவ்வொரு தடவையும் சேர்த்து மாற்றச் சொன்னால் கனத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நேரம்: முன் பேட் இரண்டு பக்கமும் மாற்றக் கைதேர்ந்தவருக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். சர்வீஸ் சென்டரில் வண்டியைக் காலையில் வாங்கி மாலையில் கொடுப்பது வரிசைக்காக, வேலைக்காக இல்லை. முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தால் பதினோரு மணிக்குள் வந்துவிடலாம்.

பில்லில் பேட், லேபர் தவிர "பிரேக் கிளீனிங்", "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று தனித்தனியாக இருந்தால் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பேட் மாற்றும்போது சுத்தம் செய்வதும் பின்னுக்கு கிரீஸ் போடுவதும் அந்த வேலைக்குள்ளேயே அடக்கம்தான். ஒரு சக்கரத்துக்கு மட்டும் பேட் மாற்றாதீர்கள், இரண்டு பக்கமும் சேர்த்துத்தான், இல்லையென்றால் வண்டி இழுக்கும். பேட் வாங்கும்போது கம்பெனி உதிரிபாகம் இல்லையென்றாலும் பரவாயில்லை. சென்னையில் தலைமையிடம் உள்ள பிரேக்ஸ் இந்தியா, ரானே மாதிரி பிரேக் பாகங்கள் தயாரிப்பவர்கள் வெளிச்சந்தைக்கும் பேட் கொடுக்கிறார்கள், விலை குறையும், தரமும் இருக்கும். அட்டைப்பெட்டி மட்டும் ஒரிஜினல் மாதிரி அச்சடித்து 400 ரூபாய்க்கு வருவதை வாங்க வேண்டாம். ஒழுங்கான பில் தருகிற கடையில் வாங்குங்கள்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால்

முதல் தடவை இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், பொழுது சாயும் நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். சமமான கெட்டித்தரை, முதல் கியர், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கல். நட்டை ஜாக்கி போடும் முன்பே லேசாகத் தளர்த்திவிடுங்கள். ஜாக்கியில் தூக்கினதும் கழற்றின சக்கரத்தை வண்டியின் கதவுக்குக் கீழே உள்ள ஓரத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள், ஜாக்கி சறுக்கினாலும் வண்டி அதன்மேல் உட்காரும்.

காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவையுங்கள், ஹோஸில் தொங்கவிடக் கூடாது. தூசியை வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரசரிலும் அடிக்காதீர்கள், அது நுரையீரலுக்குப் போகிற தூசி, பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ போட்டுத் துடைத்தெடுங்கள். இரண்டு பின்னையும் கையால் இழுத்துப் பாருங்கள், இரண்டும் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். என் வண்டிக்கு முதல் தடவையே யாராவது இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் போதும். சாதாரண கிரீஸ் போடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். பழைய பேடைப் பிஸ்டன்மேல் வைத்து சி-கிளாம்ப் போட்டு மெதுவாக உள்ளே தள்ளுங்கள், டப்பாவில் ஆயில் மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டே. பின்னாலும் டிஸ்க் இருந்து, பட்டன் வைத்த எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் பின் சக்கரத்தைத் தொடாதீர்கள், அதற்குப் பெரும்பாலும் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டும் கருவி) வேண்டும்.

எல்லாம் மாட்டினதும் வண்டியை எடுக்கும் முன் பெடலைக் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி வெறுமையாகத் தரைவரை போகும், இதை மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தால் சுவரில்தான் போய் நிற்கும். மெக்கானிக் மாற்றியிருந்தாலும் நீங்கள் ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

காலியான ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15க்கு, மிதமாக மிதித்து, இடையில் ஆறவிட்டுப் பத்துத் தடவை செய்யுங்கள். முதல் 200, 300 கிலோமீட்டருக்கு அவசர பிரேக்கும் மலையும் வேண்டாம். அப்புறம் ஒரு நாள் கழித்து நட்டுகளை நட்சத்திர வரிசையில் இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

யார் மாற்றினாலும் கழற்றின நான்கு பேடையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடது, வலது என்று பிரித்து, உள்பேட், வெளிப்பேட் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே சக்கரத்தின் இரண்டு பேடுக்கும் இடையில் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டியை வெளியே எடுக்காமல் அந்தக் காலிப்பரைத் திரும்பக் கழற்றச் சொல்லுங்கள்.